நான் மிதித்த தரை

இந்த வருஷம் மேட்டில் அகழாய்வுக் குழி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கும், தொல்லியல் எம்.ஏ. படிக்க வந்து முதல் தடவையாக மண்ணில் இறங்கப் போகும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். வேலை தொடங்குகிற அன்றைக்கு வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லி, இந்த வேலையை நடத்தும் பேராசிரியர் மேடம் ஆள் அனுப்பினார்கள். நாலு பேர் எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்திருக்கிறேன். பிழை இருந்தால் படிக்கிறவர் திருத்திக்கொள்ளவும்.

என் பெயர் அஞ்சலை. மரக்காணம் உப்பளத்தில் பாதி ஆயுசு. அதற்குப் பிறகு ஏழு சீசன் இந்த மேட்டில். இப்போது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. குழியில் இறங்கினால் ஏற்றிவிட ரெண்டு ஆள் வேண்டியிருக்கிறது. அதனால் போன வருஷத்தோடு நின்றுகொண்டேன்.

கரண்டி பிடிப்பது, மண்ணைச் செதுக்குவது, சல்லடை ஆட்டுவது எல்லாம் மேஸ்திரி காட்டித் தருவார். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அதைப் பற்றி நான் எழுதவில்லை. நான் ஒரு தப்பு செய்தேன். அது எப்படி வந்தது, அதிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

உப்பள வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். உப்பு விளைகிற பாத்தியின் தரை சிமெண்டு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், உப்போடு சேறும் வரும். அதனால் சீசன் தொடங்குமுன் தண்ணீரை வடித்துவிட்டு, பெண்கள் வரிசையாக நின்று குதிகாலை அழுத்தி, ஒரு சாண் இடம் விடாமல் மிதித்துக்கொண்டே போவோம். நடுவில் மழை பெய்தால் மறுபடியும் மிதி. மிதிக்கும்போது எங்கேயாவது குதிகால் பொதக்கென்று உள்ளே போனால் அது நண்டு வளை. உடனே குனிந்து, விரலால் அந்தப் பொலபொலப்பு மண்ணைத் தோண்டிப் போட்டு, வரப்பிலிருந்து கருங்களி ஒரு கட்டி வைத்து அடைத்து, மேலே நாலு மிதி. ஒரு வளையை விட்டுவிட்டாலும் விடிவதற்குள் பாத்தித் தண்ணீர் போய்விடும், அப்புறம் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதை யோசித்துச் செய்ய மாட்டோம். கால் பார்க்கும், கை குனியும், அவ்வளவுதான். பக்கத்து வரிசைக்காரியோடு பேசிக்கொண்டே செய்கிற வேலை.

எனக்கு இந்த மேட்டில் அது மூன்றாவது சீசன். அந்த வருஷம் எம்.ஏ. இரண்டாம் வருஷப் பிள்ளைகள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு குழி. கடைசிக் குழி, உப்பளத்தை ஒட்டினாற்போல் இருந்த குழி, நஸ்ரினுக்கு.

நஸ்ரின் கோட்டக்குப்பத்துப் பெண். தட்டான் பூச்சி பறந்தால் கத்துவாள். ஆனால் முழங்கை வரைக்கும் சேற்றில் விட்டுத் துழாவச் சொன்னால் யோசிக்கவே மாட்டாள். பானை ஓடு கழுவுகிற இடத்தில் நானும், என்னோடு உப்பளத்திலிருந்து வந்த செல்வியும் உட்கார்ந்திருப்போம். சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவாள். நான் அதிகம் பேச மாட்டேன் என்பதால் அவளே எல்லாவற்றையும் பேசுவாள்.

ஒருநாள் சொன்னாள்: "அஞ்சலம்மா, அந்தக் காலத்துலயும் இங்க உப்பு எடுத்திருக்காங்க. உப்புத் தண்ணிய சட்டியில ஊத்திக் காய்ச்சி எடுத்தாங்கன்னு நான் நெனைக்கிறேன். அப்படி காய்ச்சியிருந்தா மேல கூரை போட்டிருப்பாங்க இல்ல?"

"ஆமா. மழைக்கு என்னா பண்ணுவாங்க?" என்றாள் செல்வி.

"கூரை போட்டா கால் நட்டிருக்கணும். அந்த மரம் மக்கிப் போயிருக்கும். ஆனா நட்ட குழி இருக்குதே, அந்த மண்ணு மட்டும் வேற நெறத்துல வட்டமா நிக்கும். அந்த வட்டம் மட்டும் வரட்டும், என் ஆய்வேடு முடிஞ்சிடும்."

"வரலன்னா?"

"வரலன்னா துபாய்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அம்மாவுக்கு முடியாம போனதுல ஏற்கெனவே ஒரு வருஷம் வீணாப் போச்சி. அத்தா அங்க வீடு பாத்துட்டாரு. இந்த வருஷம் டிகிரி முடிச்சிட்டா இங்க பெரியம்மா வீட்டுல இருந்து மேல படி, முடிக்கலன்னா அம்மாவோட கெளம்பி வந்துடுன்னு சொல்லிட்டாரு. அங்க போயிட்டா யாரு என்னை மண்ணத் தோண்ட வுடுவா?"

அதற்குப் பிறகு காலையில் வந்ததும் நான் முதலில் அவள் குழியைத்தான் எட்டிப் பார்ப்பேன். கேட்க மாட்டேன். பார்ப்பேன்.

குழிகளை மூட மூன்று நாள் இருக்கும்போது அவள் குழியில் தரை வந்தது. களிமண்ணை அடித்துக் கெட்டியாக்கிய தரை, லேசான மஞ்சள் நிறம். சாயங்காலம் கடைசி வெளிச்சத்தில் அதைத் துடைத்தபோது கறுப்பாக ஏழு வட்டம் தெரிந்திருக்கிறது. நஸ்ரின் போனில் படம் எடுத்தாள். இருட்டில் எல்லாம் ஒரே நிழலாக விழுந்துவிட்டது. வெளியூர் போயிருந்த மேடத்துக்குப் போன் செய்தாள். காலையில் நான் வந்து பார்க்கிறேன், படமும் காலை வெளிச்சத்தில் எடுக்கலாம், அதுவரைக்கும் யாரும் இறங்க வேண்டாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார்கள். வேலையாட்கள் எல்லோரும் கிளம்பிப் போயிருந்தோம். அவளே தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் போனாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் முழுக்க ஓடு கழுவுகிற இடத்தில் இருந்தேன். கழுவுகிறவர்களிடம் குழியில் என்ன வந்தது என்று சொல்லும் வழக்கம் அப்போது கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை இல்லை, ஆனால் விடாமல் பெய்தது.

என் வீடுதான் மேட்டுக்குப் பக்கம். அதனால் காலையில் தார்ப்பாய் திறந்து வைப்பது என் வேலை. போய்ப் பார்த்தால் நஸ்ரின் குழியில் ஒரு மூலை முடிச்சு அவிழ்ந்து, தார்ப்பாய் தண்ணீரோடு உள்ளே தொங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினேன். தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். தரை மேலாக ஊறி உப்பிப் போயிருந்தது. நான் நின்ற இடத்தில் ரெண்டு பாதமும் பதிந்தது.

குழிகளை மூடுமுன் பார்க்க மேடம் வருவார்கள், குழி சுத்தமாக இருக்க வேண்டும் என்று முந்தின நாள் மேஸ்திரி பொதுவாகச் சொல்லியிருந்தார். இந்தப் பெண் வந்து பார்த்தால் மனசு ஒடிந்துபோவாளே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வடக்கு மூலையிலிருந்து மிதிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்பது இடத்தில் குதிகால் இறங்கியது. உப்பளம் பக்கத்தில்தானே, நண்டு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் விரல் விட்டுத் தோண்டினேன். கீழே பத்தடியில் பாத்தி வரப்பு. அங்கே போய்க் கருங்களி கொண்டு வந்து அடைத்தேன். தோண்டின மண்ணை மட்டும் மண் சுமக்கிற இரும்புப் பாண்டு ஒன்றில் சேர்த்து ஓரமாக வைத்தேன். குழி மண்ணைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்று முதல் சீசனிலேயே திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் திட்டினவர் நன்றாக இருக்கட்டும்.

முடித்தபோது தரை பளபளவென்று இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

செல்வி வந்தாள். "என்னாக்கா இது! பாத்தி கட்டி வச்சிருக்கிற? தண்ணி வுட்டா நாளைக்கு உப்பு எடுத்துடலாம் போல இருக்குது!"

நானும் சிரித்தேன்.

பின்னாலேயே நஸ்ரின் ஓடி வந்தாள். மண்டபத்திலிருந்து ஓட்டமாகவே வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. விளிம்பில் நின்று குழியைப் பார்த்தாள்.

"ரவுண்டு ரவுண்டா இருந்துச்சே," என்றாள். "இங்க... ஏழு இருந்துச்சே, அஞ்சலம்மா."

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

அவள் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நான் கட்டுன முடிச்சி. நான்தான் சரியா கட்டல. மழை எல்லாத்தையும் கரைச்சிடுச்சி." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. "அத்தாகிட்ட டிக்கெட் போடச் சொல்ல வேண்டியதுதான்."

அவளுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. மழை வந்தது, முடிச்சு அவிழ்ந்தது, வட்டம் போய்விட்டது. அவ்வளவு சுலபமாக இருந்தது. நான் ஒன்றும் பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதுதான் எனக்கு நன்றாக வருமே.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் பாண்டில் கிடந்த மண்ணைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்தார். ஒரே பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அவரும் உப்பளத்துக்காரர்தான். என்னைச் சல்லடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"மிதிச்சியா?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறக்காத. மழைன்னு அந்தப் பொண்ணே சொல்லுது, வுட்டுடு. நீ போயி சொன்னன்னு வச்சிக்க, ஒன்ன மட்டும் இல்ல, ஒன்கூட உப்பளத்துல இருந்து வந்த ஆறு பேரையும் நிறுத்திடுவாங்க. செல்வியும் வூட்டுக்குப் போவணும். தெரியுதா?"

அவர் கெட்டவர் இல்லை. எங்களைக் கூட்டி வந்து சேர்த்துவிட்டவரே அவர்தான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆறு வீட்டு அடுப்பு என் வாயில் இருக்கிறது என்று தோன்றியது. போய் ஓடு கழுவுகிற இடத்தில் உட்கார்ந்தேன். ஒரே ஓட்டுத் துண்டை எத்தனை தடவை கழுவினேனோ தெரியாது.

மேடம் ஒன்பது மணிக்கு வந்தார்கள். நான் மூன்று சீசனில் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவர்கள் திட்ட மாட்டார்கள். கேள்வி கேட்பார்கள். அதற்குத்தான் பிள்ளைகள் பயப்படுவார்கள்.

"மேடம், நான் தார்ப்பாய சரியா கட்டல," என்றாள் நஸ்ரின்.

"நேத்து எத்தனை பாத்த?"

"ஏழு."

"எங்கெங்க?"

அவள் கையை நீட்டினாள். "அங்க ஒண்ணு. அதுக்கு நேரா... இல்ல மேடம், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்..." மூன்றாவது வட்டத்தில் கை நின்றுவிட்டது.

"இப்ப நீ வரைஞ்சா அது உன் ஞாபகத்துல இருக்கிற கொட்டகை. மண்ணுல இருந்த கொட்டகை இல்ல. அத ஆய்வேட்டுல எழுத முடியாது, நஸ்ரின்." குரலை உயர்த்தவே இல்லை. "இருக்கிறது ரெண்டு நாள். இந்தத் தரைய வெட்டிட்டு நாலு விரல் கீழ போய்ப் பாப்போம். வட்டத்தோட அடி ஏதாவது நின்னிருந்தா தெரியும். இல்லன்னா அடுத்த வருஷம் வேற தலைப்பு. மேஸ்திரி, ஆள எறக்குங்க."

மேஸ்திரி மம்முட்டியை எடுத்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாலு விரல். நான் விரலை விட்டுத் தோண்டினது ரெண்டு விரலுக்குக் கொஞ்சம் கூட. அந்த மம்முட்டி என் களிமண்ணையும் தூக்கிக்கொண்டு, அதற்குக் கீழே மிச்சம் இருக்கிறதையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம் நான் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். காலையில் மிதித்தது தெரியாமல் செய்தது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அது தெரிந்து செய்வது.

இப்படி அழகாக அப்போது யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். இப்போது எழுதும்போது வருகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மம்முட்டி மட்டும்தான்.

பேச வரவில்லை. அதனால் நடந்தேன். நேராகப் போய், படியில் இறங்கி, குழிக்குள் நின்றுவிட்டேன்.

"யாரும்மா அது? மேல வாங்க," என்றார்கள் மேடம்.

"ஏய் அஞ்சல, ஏறு!" என்றார் மேஸ்திரி.

வடக்கு மூலையிலிருந்து ரெண்டு தப்படி வைத்தேன். குதிகாலை ஊன்றினேன். "இங்க ஒண்ணு," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"சத்தமா பேசுக்கா!" என்று மேலேயிருந்து செல்வி கத்தினாள். அவளுக்கும் வேலை போகும் என்று தெரியும், தெரிந்தேதான் கத்தினாள். அது எனக்கு ஒரு தள்ளு தள்ளியது மாதிரி இருந்தது.

"மழை இல்ல மேடம்," என்றேன். "அந்தப் பொண்ணு முடிச்சும் இல்ல. நான்தான் மிதிச்சேன். நண்டு வளைன்னு நெனச்சி அடைச்சிட்டேன்."

நஸ்ரின் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு விளிம்பில் குந்தி உட்கார்ந்தார்கள்.

"எவ்ளோ ஆழம் தோண்டினீங்க?"

விரலைக் காட்டினேன். ரெண்டாவது கணுவுக்கு மேல் நகத்தால் கோடு போட்டுக் காட்டினேன்.

"எல்லாத்துலயும் அவ்ளோதானா?"

"ரெண்டுல கொஞ்சம் கூட."

"எடுத்த மண்ணு?"

"அதோ பாண்டுல இருக்குது."

மேடம் திரும்பி அந்தப் பாண்டைப் பார்த்தார்கள். முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. "எத வச்சி அடைச்சீங்க?"

"வரப்புக் களி."

"என்ன கலர்?"

"கறுப்பு. நீலம் ஓடின கறுப்பு."

"மேஸ்திரி, மம்முட்டிய கீழ வைங்க. நஸ்ரின், கரண்டி எடுத்துட்டு எறங்கு. இவங்க கால் வச்சிருக்கிற இடத்துல, நகம் கனத்துக்குச் செதுக்கு. அதுக்கு மேல ஒரு துளி எடுக்காத."

நான் காலை நகர்த்தினேன். நஸ்ரின் மண்டியிட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ரெண்டு செதுக்கு, மூன்று செதுக்கு. நான் மிதித்த சேறு தோல் மாதிரி சுருண்டு வந்தது. அதற்கடியில் மஞ்சள் தரை. மஞ்சள் தரை நடுவில் நீலக் கறுப்பாக ஒரு பொட்டு. என் களி.

"பாதிய மட்டும் வெட்டு," என்றார்கள் மேடம். "பாதி அப்படியே நிக்கட்டும்."

அவள் வெட்டினாள். களிமண் கட்டி முழுசாக வந்தது, உள்ளே என் விரல் தடத்தோடு. அதற்குக் கீழே இன்னும் ரெண்டு விரல் ஆழத்துக்குக் கறுப்பு மண். கரித்துண்டு. ஓரத்தில் கம்பு ஆடாமல் இருக்கச் செருகின ரெண்டு சின்னக் கல், வைத்தவன் வைத்தபடி.

நஸ்ரின் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொடுகிற உரிமை எனக்கு அன்றைக்கு இல்லை. நின்றுகொண்டிருந்தேன். அவளே என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். சேற்றோடு.

"அடுத்தது எங்க, அஞ்சலம்மா?" என்றாள்.

சாப்பாட்டு வேளைக்குள் வரிசையாக எல்லா இடத்தையும் காட்டிவிட்டேன். யோசித்தால் வராது, வடக்கு மூலையிலிருந்து காலையில் மிதித்த மாதிரியே நடந்து வந்தால் கால் தானாக நின்றது. மேடம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொன்னதையெல்லாம் நஸ்ரினை நோட்டில் எழுத வைத்தார்கள். பிறகு படித்துக் காட்டச் சொன்னார்கள்.

"...ஒன்பது இடங்களில் தோண்டி, ஒன்பதையும் வரப்புக் களிமண்ணால் அடைத்தார்," என்று படித்தாள்.

"சரியா இருக்குதா?" என்றார்கள் மேடம்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்குப் பேசினது எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். ஆனால் சரியாக இல்லையே.

"இல்ல மேடம். களி எட்டுலதான். ஒம்போதாவதுக்குப் பத்தல. ஓரத்துல கெடந்த மண்ணையே வச்சிட்டேன். அது தெக்கு ஓரம். அதுல கறுப்பு தெரியாது."

"நேத்து இவ கண்ணு ஏழு பாத்துது. ஒங்க காலு ஒம்போதுன்னு சொல்லுது," என்றார்கள் மேடம். "ரெண்டையும் எழுதிக்க. எது சரின்னு மண்ணு சொல்லட்டும்."

எட்டு சரியாக வந்தது. நாலு நாலாக ரெண்டு வரிசை. ஒன்றில் மண்ணின் நிறம் தரையோடு கலந்து போயிருந்ததால்தான் முந்தின நாள் அது கண்ணுக்குப் படவில்லை. அந்த ஒன்று கிடைத்த பிறகு ரெண்டாவது வரிசை முழுசாகிவிட்டது.

ஒன்பதாவது தனியாக, வரிசைக்கு வெளியே இருந்தது. அதுதான் வாசல் பக்கத்துக் கால் என்று நஸ்ரின் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றக் குழிப் பிள்ளைகளும் வந்து சுற்றி நின்றார்கள். மூச்சு விடாமல் பாதியை வெட்டினாள். வளை கீழே போய்க்கொண்டே இருந்தது. வளைந்து வேறு போனது. சட்டென்று உள்ளேயிருந்து ஒரு நண்டு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றது.

நஸ்ரின் கத்தின கத்தலில் சல்லடைக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

"இதோ வந்துட்டாரு கொட்டகை முதலாளி!" என்றாள் செல்வி.

மேடம் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, "இதையும் வரை. நண்டு வளைன்னு எழுது," என்றார்கள். "ஒவ்வொரு மண்ணுக்கும் போடுற மாதிரி அவங்க மிதிச்சதுக்கும் ஒரு நம்பர் போடு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால மிதிச்சாலும் இன்னைக்குக் காலைல மிதிச்சாலும் மண்ணுக்கு ஒண்ணுதான்."

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க செஞ்சது தப்பு. பெரிய தப்பு. அத மறக்காதீங்க." மேஸ்திரியைப் பார்த்து, "ஆனா குழியில என்ன வந்துதுன்னு இவங்களுக்கு நேத்து யாராவது சொன்னீங்களா?" என்றார்கள். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். நஸ்ரினும் குனிந்துகொண்டாள். எங்களில் ஒருவரையும் நிறுத்தவில்லை.

மறுநாளிலிருந்து சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லோரும், ஓடு கழுவுகிறவர்கள், தண்ணீர் கொண்டு வருகிறவர் உட்பட, ஒவ்வொரு குழி ஓரமும் வந்து நிற்க வேண்டும், அந்தக் குழிப் பிள்ளை அன்றைக்கு என்ன வந்தது, எதைத் தொடக் கூடாது என்று சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். இப்போதும் அது நடக்கிறது. கால் கடுக்கிறது, பஸ் போய்விடும் என்று சில பேர் முணுமுணுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் முணுமுணுத்திருப்பேன். தயவு செய்து நில்லுங்கள். படிக்க வந்த பிள்ளைகளே, நீங்களும் இவர்களுக்கு என்ன புரியும் என்று அவசரமாகச் சொல்லி முடிக்காதீர்கள். விடிகாலையில் உங்கள் குழியில் முதலில் கால் வைக்கப் போவது அவர்கள்தான்.

நஸ்ரின் அந்த வருஷமே முடித்தாள். அவள் அம்மா மட்டும் துபாய்க்குப் போனார்கள். இவள் பெரியம்மா வீட்டிலிருந்து மேலே படிக்கிறாள். ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு வந்து, தரைப் படம் இருக்கிற பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் பெயர் போடவில்லை, நான்தான் வேண்டாம் என்றிருந்தேன். "பணியாளர் ஒருவர் தாமாக முன்வந்து கூறியதன் பேரில்" என்று இருந்தது. தாமாக முன்வந்து என்பதை மட்டும் ரெண்டு தடவை படித்தேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான். உங்கள் கையிலும் காலிலும் பழைய வேலையின் பழக்கம் இருக்கும். நாற்று நட்டவர்கள் இருப்பீர்கள், வலை பின்னினவர்கள் இருப்பீர்கள், கம்ப்யூட்டர் தட்டின பிள்ளைகள் இருப்பீர்கள். அது ஒருநாள் உங்களைக் கேட்காமல் வேலை செய்துவிடும். அப்படி ஏதாவது மிதித்துவிட்டால் பதறி மேலே ஏறி ஓடாதீர்கள். காலை எடுக்காமல் அங்கேயே நின்று கூப்பிடுங்கள். உங்கள் கால் அங்கே இருக்கிற வரைக்கும் அந்த இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும்.